மூன்றாவது மூக்கு

கல்யாண வீடுகளில் யாராவது, "எண்ணெய் கம்பெனியிலயா வேலை? செக்குல ஆட்டுவீங்களா?" என்று கேட்டால் எனக்குச் சுர்ரென்று ஏறும். செக்கும் இல்லை, மாடும் இல்லை. சோயா சரியான கஞ்சன். கடலை, எள் மாதிரி பிழிந்ததும் கொடுத்துவிடாது. அதனால் நாங்கள் அதைப் பிழிவதில்லை, குளிப்பாட்டுகிறோம். பயற்றை உடைத்து, ஆவியில் மெத்தென்று ஆக்கி, உருளைகளுக்கு நடுவே விட்டு அவலாகத் தட்டி, அதன் மேல் ஹெக்சேனை ஊற்றுவோம். ஹெக்சேன் பெட்ரோலுக்குப் பங்காளி. அவலுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணெயை எல்லாம் கரைத்து இழுத்துக்கொண்டு வந்துவிடும். பிறகு சூடாக்கினால் ஹெக்சேன் ஆவியாகிப் போகும், எண்ணெய் நிற்கும். போன ஆவியைக் குளிரவைத்துப் பிடித்து மறுபடியும் ஊற்றுவோம். இவ்வளவையும் சாம்பார் வாளியோடு நிற்கிற ஆளிடம் சொல்லி முடிப்பதற்குள் அவர் அடுத்த பந்திக்குப் போயிருப்பார்.

எனக்கு எண்ணெய்ப் பக்கம் வேலை கிடையாது. மிச்சத்தில்தான் வேலை. குளித்த அவல் சொட்டச் சொட்ட ஹெக்சேனோடு வரும். அதை டோஸ்டர் என்கிற மாடி உயர இரும்புப் பாத்திரத்தில் விட்டு, தட்டுத் தட்டாக இறக்கி, நீராவி கொடுத்து, ஒட்டியிருக்கிற ஹெக்சேனை விரட்டவேண்டும். கடைசித் தட்டிலிருந்து விழுவதுதான் சோயாப் புண்ணாக்கு. கோழித் தீவனத்துக்காக நாமக்கல் பக்கம் போகும். ஒழுங்காக விரட்டினால் அது புண்ணாக்கு. அரைகுறையாக விரட்டினால் மூட்டையில் கட்டி வைத்த பெட்ரோல். அந்த ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் மேலே போய்த் தொலையாது. தரையோடு தரையாகப் படுத்து, ஒரு பொறிக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

அதனால் எங்கள் கேட்டில் சோதனை பலமாக இருக்கும். மொபைல், தீப்பெட்டி, பீடி, நைலான் சட்டை, ஆணி அடித்த செருப்பு, எதுவும் உள்ளே போகாது. சுத்தியல்கூடப் பித்தளைதான். பெண்கள் கொலுசைக் கழற்றிவிட வேண்டும். மெட்டியையும் கழற்றச் சொன்னபோது கோடவுன் பெண்கள் அத்தனை பேரும் கேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். புருஷன் உயிரோடு இருக்கும்போது மெட்டியைக் கழற்றுவதா என்று ஒரே கத்தல். கடைசியில், மெட்டி மேல் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு வரலாம் என்று முடிவானது. இன்றைக்கும் காலை ஷிப்டுக்கு வந்தால், பத்துப் பதினைந்து பெண்கள் கேட் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பிளாஸ்திரி ஒட்டுவதைப் பார்க்கலாம். அதில் ஒருத்தி என் பொண்டாட்டி.

அவள் கான்ட்ராக்ட். புண்ணாக்கு வந்து விழுகிற இடத்தில் சாக்குப் பிடித்து, எடை பார்த்து, வாய் தைக்கிற வேலை. நான் பெர்மனென்ட். டோஸ்டரில் நான் சரியென்று அனுப்புவதெல்லாம் கன்வேயரில் ஓடி, இரண்டு கொட்டகை தாண்டி, அவள் முகத்துக்கு நேராகத்தான் விழும். ஆரம்பத்தில் எனக்கு இதில் ஒரு பெருமைகூட இருந்தது.

சரியென்று எப்படித் தெரியும்? லேப்பில் ஒரு ஷிப்டுக்கு ஒரு தடவை சோதனை பண்ணுவார்கள். நடுவில் அரைமணிக்கு ஒருதரம் மூக்குதான். டோஸ்டர் வாயில் ஒரு சின்னக் கதவு இருக்கும். அதைத் திறந்து, ஒரு கை புண்ணாக்கை மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் எடுத்து, குலுக்கி, இருபது எண்ணி, மூடியைத் திறந்து மோந்து பார்க்கவேண்டும். ஹெக்சேன் இல்லையென்றால் வெந்த துவரம்பருப்பு வாசனை வரும். இருந்தால் பெட்ரோல் பங்க் வாசனையில் ஒரு இனிப்புக் கலந்து வரும். ஒரே மூக்கு மோந்து மோந்து பழகி ஏமாந்துபோகும் என்பதால் எங்கள் கம்பெனியில் எப்போதும் இரண்டு மூக்கு. முதல் ஆள் மோந்துவிட்டு டப்பாவைக் கொடுப்பான், இரண்டாவது ஆள் மோப்பான். ஒருத்தன் சொல்வதைக் கேட்டு இன்னொருத்தனுக்கும் அப்படியே தோன்றிவிடும் என்று, வாயைத் திறக்கக்கூடாது என்பது சட்டம். தலையைத்தான் ஆட்டவேண்டும். இரண்டு தலையும் ஆடினால் ரிஜிஸ்டரில் இரண்டு டிக். ஒன்று ஆடாவிட்டாலும் சரக்கை மறுபடி டோஸ்டருக்கே திருப்பிவிட வேண்டும்.

என் ஜோடி, பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்து ஆள். அண்ணன் தம்பி எல்லோரும் இறால் பிடிக்கப் போக, இவன் மட்டும் பஸ் பிடித்துக் கம்பெனிக்கு வந்துவிட்டான். பதினோரு வருஷமாக ஒரே டப்பாவை மாற்றி மாற்றி மோந்திருக்கிறோம். எங்கள் வீட்டு விசேஷம் எதுவும் அவன் இல்லாமல் நடந்ததில்லை. ஆனாலும் கம்பெனியில் 'மூக்கு' என்று பேர் எனக்குத்தான். ஹெக்சேன் ஊற்றுகிற எக்ஸ்ட்ராக்டர் பக்கம் ஒரு வாஷர் கசிந்தால், மீட்டர் கத்துவதற்கு முன்னால் நான் கத்துவேன். மேனேஜரே ஒரு தடவை வெளியூர் ஆட்களிடம் என்னைக் காட்டி, "மெஷினை நம்பறதை விட இவரை நம்பலாம்" என்றார். அன்றைக்கு வீட்டில் அதையே நாலு தடவை சொன்னேன். "போதும்யா, மூக்குக்குப் பூசை போட்டுரலாம்" என்றாள் அவள்.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. ஊருக்கே வந்த காய்ச்சல்தான். பதினைந்து நாளில் எழுந்துவிட்டேன். மூக்கு மட்டும் எழவில்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் பைக்கில் சிப்காட் ரோட்டில் போகும்போதுதான் உறைத்தது. கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிற ரோடு அது. இரும்பு உருக்குகிற இடத்தில் கருகல், அடுத்த திருப்பத்தில் ரப்பர், அதைத் தாண்டினால் தொண்டையைப் பிடிக்கிற ஏதோ ஒரு ஆசிட், அப்புறம் எங்கள் பருப்பு வாசனை. அன்றைக்கு எதுவுமே இல்லை. சத்தத்தைக் குறைத்துவிட்டு டி.வி. பார்ப்பது போல இருந்தது. கவர்மென்ட் ஆஸ்பத்திரி டாக்டர், "வரும், சில பேருக்கு லேட்டாகும்" என்றார். எத்தனை லேட் என்று கேட்டேன். "அது சொல்ல முடியாதுங்க" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அன்றே மேனேஜரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். தெரியாமலா இருந்தது? ஆனால் எங்கள் கம்பெனியில், காது மந்தமான ஒரு பாய்லர் ஆளைக் கேட்டில் உட்காரவைத்து விட்டார்கள். அந்த மனுஷனை எல்லோரும் கைதட்டிக் கூப்பிடுவார்கள். எங்கப்பா ஊரான் நிலத்தில் சேற்றில் நின்றவர். அவர் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எனக்குக் கம்பெனியில் ஒரு பேர் இருந்தது. அதை விடுவதற்கு எனக்கு மனசு வரவில்லை. இன்னும் பத்து நாள் பார்ப்போம், இன்னும் ஒரு மாசம் பார்ப்போம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. வீட்டில் கேஸ் சிலிண்டர் கசிந்தால் தெரியாதே என்று அடுப்பு நாபைத் திருகிப் பார்ப்பேன், கூடத்துக்கு வருவேன், மறுபடியும் போய்த் திருகுவேன். கம்பெனியில் டோஸ்டர் படியில் ஏறுவேன், இறங்குவேன், வெப்பமானியைப் பார்ப்பேன், திரும்பவும் ஏறுவேன். "இன்னா மச்சான், காலுக்குள்ள மோட்டார் வெச்சிகினு சுத்துற?" என்று என் ஜோடி சிரிப்பான். அவனும் அந்த நாட்களில் ஒரு இடத்தில் நிற்கவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அவளிடம் ஒரு வாரத்துக்கு மேல் மறைக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தெருக்குழாய்க்குப் போனாள். நான் அடுப்புக்கு முதுகு காட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்து செருப்பு வார் தைத்துக்கொண்டிருந்தேன். குடத்தோடு வந்தவள் வாசலிலேயே கத்தினாள்.

"தெருமுனை வரைக்கும் தீஞ்ச நாத்தம் வருது, நீ இங்கயே குந்திகினு கீறியே!"

பாத்திரம் கரியாகிப் போயிருந்தது. குடத்தை இறக்கிவைத்துவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி என் முகத்துக்கு நேராக நீட்டினாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"எத்தினி நாளா?"

"காய்ச்சல்லேர்ந்து."

"அப்போ டோஸ்டர்ல இன்னாத்த மோந்து பாக்குற?"

"அவன் கீறான்ல? ரெண்டு மூக்குல ஒண்ணு போதும்."

"போய்ச் சொல்லிடுயா. நாங்க பன்னெண்டு பேரு அந்தாண்ட நிக்கிறோம். லோடு ஏத்துற பசங்க வேற."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. சொல்லிவிட்டு நானும் கேட்டில் உட்கார்ந்து உன் காலுக்குப் பிளாஸ்திரி ஒட்டிவிடவா என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுதினால் அசிங்கம். கரிப் பாத்திரத்தை எடுத்துப் போட்டுத் தேய்த்தாள். தேய்த்து முடித்துவிட்டு, "சரி, உன் இஷ்டம்" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவள் எடுக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

நான் டப்பாவை மோந்ததும் முகத்தை மாற்றாமல் அவனிடம் கொடுப்பேன். அவன் மோப்பான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். மூக்கு சுருங்குகிறதா, புருவம் ஏறுகிறதா என்று பார்ப்பேன். ஒன்றும் இல்லையென்றால் தலையை ஆட்டுவேன். அவனும் ஆட்டுவான். சில நாள் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் கொஞ்சம் அதிக நேரமே பார்த்துக்கொண்டு நிற்போம். அவன் என்னைச் சந்தேகப்படுகிறான் என்று எனக்குப் படபடவென்று இருக்கும்.

ஒரு நாள் அவன் வீட்டிலிருந்து மீன் குழம்பு கொண்டுவந்திருந்தான். முதல் நாள் வைத்த குழம்பு, ருசி ஏறியிருக்கும் என்று சொல்லி எனக்கும் ஊற்றினான். இரண்டு பேரும் வழித்து நக்கிச் சாப்பிட்டோம். சாயங்காலத்திலிருந்து இரண்டு பேருக்கும் வயிறு பிய்த்துக்கொண்டு போனது. மறுநாள் அவன் பொண்டாட்டி போனில் அழாத குறையாக என்னிடம், "அது ஊசிப்போச்சுண்ணா, கொட்றதுக்கு எடுத்து வெச்சிருந்தேன். டப்பாவத் தொறந்தாலே கொடலப் பொரட்டுமே, எப்டித்தான் துன்னீங்களோ" என்றாள். கம்பெனித் தண்ணி சரியில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஊசிப்போன மீன் தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம்? ஒரு குழந்தைகூடக் கண்டுபிடித்திருக்கும். நான் என் குட்டு வெளிப்படாமல் தப்பித்த சந்தோஷத்தில் அதை யோசிக்கவே இல்லை.

அந்த மாதங்களில் எங்கள் வீட்டு ஜன்னல் மேடையில் குட்டிக் குட்டிக் கண்ணாடி பாட்டில்கள் சேர ஆரம்பித்தன. கட்டைவிரல் உயரம்கூட இருக்காது. ஒன்றில் ஊசி போட்டு வைத்திருந்தாள், ஒன்றில் சட்டைப் பட்டன், ஒன்றில் மிளகு. மற்றதெல்லாம் காலி. எனக்கு இருக்கிற எரிச்சலில் அதுவும் உறுத்தியது. "இன்னாமே, காயலாங்கடை வைக்கப்போறியா?" என்றேன். "உனக்கு இன்னாயா நோவுது, அது பாட்டுக்கு ஓரமா கீது" என்றாள்.

இதற்கு நடுவில் அவள் வேலையில் ஒரு தகராறு வந்தது. கன்வேயர் ஓரமாக நெடுக ஒரு சிவப்புக் கயிறு ஓடும். யாராவது கை மாட்டிக்கொண்டால் இழுப்பதற்கு. இழுத்தால் பெல்ட் நின்றுவிடும், சுவிட்ச் எல்லாம் இருக்கிற பேனல் ரூமில் மணி அடிக்கும், பின்னால் டோஸ்டர் வரைக்கும் எல்லாம் தேங்கிவிடும். மறுபடி ஓடவிட அரைமணி ஆகும். உயிர் போகிற காரியம் தவிர அதைத் தொடக்கூடாது. அவள் இழுத்துவிட்டாள். கேட்டதற்குச் சாக்கு மாட்டிக்கொண்டது என்றாள். ஒன்றரை மாதம் கழித்து மறுபடியும் இழுத்தாள். மறுபடியும் அதே சாக்கு. கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, "உங்க சம்சாரம்னுதான் பாக்குறேன். மூணாவது வாட்டி இழுத்தா கேட் பாஸ வாங்கிடுவேன், சொல்லிட்டேன்" என்றான்.

எனக்கு மானம் போய்விட்டது. "கவனம் எங்கமே கீது உனுக்கு? சாக்கு மாட்டுனா கத்தி வெச்சு அறுக்கத் தெரியாதா? என் பேரக் கெடுக்கவே வந்துகினு கீற" என்று வீட்டுக்கு வந்ததும் காய்ச்சினேன். அவள் தலையைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். "கத்தாதயா, தலைய நோவுது" என்றாள். அவளுக்கு எப்போது பார்த்தாலும் தலைவலிதான். கண்ணாடி போடு என்றால் கேட்க மாட்டேன் என்கிறாள், இதற்கு நான் என்ன செய்வது என்று அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் காலையில் நல்ல மழை. பாய்லருக்குப் போடுகிற உமி நனைந்து, எரியாமல் புகைந்தது. நீராவி இறங்கியது. பத்து மணிக்கு டோஸ்டரின் கடைசித் தட்டில் சூடு குறைந்திருப்பதைப் பார்த்தேன். பாய்லர் ரூமுக்குப் போன் அடித்தேன். "அஞ்சு நிமிஷம்ணா, ஏறிடும்" என்றான் அங்கே இருந்தவன். சூடு குறைந்தால் சரக்கைத் திருப்பிவிடலாம். ஆனால் மோந்து பார்த்துச் சரியாக இருந்தால் அனுப்பலாம் என்பதும் வழக்கம்தான். என் ஜோடியும் வந்தான். டப்பாவில் எடுத்தேன், குலுக்கினேன், இருபது எண்ணினேன், மூடியைத் திறந்தேன். உள்ளங்கையில் சூடு மட்டும் தெரிந்தது. அவனிடம் கொடுத்தேன். அவன் மூக்கை உள்ளே விட்டு மோந்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். மழைச் சத்தம் தகரத்தில் பலமாக இருந்தது. அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் தலையை ஆட்டினேன். அவனும் ஆட்டினான். இரண்டு டிக் போட்டோம்.

கால்மணி ஆகியிருக்கும். பேனல் ரூமில் மணி அடித்தது. கன்வேயர் நின்றுவிட்டது. கோடவுன் பக்கம் கயிறு இழுத்திருக்கிறார்கள் என்றார்கள். யார் என்று நான் கேட்கவே இல்லை. மூன்றாவது வாட்டி என்று மட்டும் மனசில் ஓடியது. என் ஜோடியையும் இழுத்துக்கொண்டு மழையில் ஓடினேன்.

கோடவுன் ஷட்டர் மூன்றும் திறந்துகிடந்தன. மூட்டை தைக்கிற பெண்களும் லோடு ஏற்றுகிற ஆட்களும் வெளியே மழையில் நின்றார்கள். ஒரு ஒடிசாக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே பாதி லோடு ஏற்றிய லாரி. அதன் டிரைவரைச் சட்டையைப் பிடித்துக் கீழே இறக்கி, வண்டிச் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இவள் நின்றாள். இன்னும் ஒரு நொடி விட்டிருந்தால் அவர் வண்டியை ஸ்டார்ட் செய்திருப்பார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

சூப்பர்வைசர் தாம்தூம் என்று குதித்துக்கொண்டிருந்தான். மேனேஜர் குடையோடு வந்து ஷட்டர் ஓரத்தில் நின்று முகத்தைத் தூக்கி மோந்தார். அதற்குள் மழைக்காற்று உள்ளே புகுந்து அடித்துப் பத்து நிமிஷம் ஆகிவிட்டது. "எனக்கு ஒண்ணும் தெரியலையே. டோஸ்டர் ரிஜிஸ்டர் எங்க?" என்றார். யாரோ கொண்டுவந்து காட்டினார்கள். "ரெண்டு டிக் இருக்கே. ரெண்டு பேரும் சரின்னுதானே அனுப்பியிருக்காங்க?" அவர் அவளிடம் திரும்பினார். "நீ எதுக்கும்மா இழுத்தே?"

அவள் ரிஜிஸ்டரைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. அங்கே நின்ற அத்தனை பேரையும் பார்த்தாள், என்னை மட்டும் பார்க்கவில்லை.

"எனுக்கு வாடை வந்த மாதிரி இருந்துச்சு சார். காலையிலேர்ந்து தலைநோவு. அதுல தோணிருக்கும்."

"பாத்தீங்களா சார்?" என்றான் சூப்பர்வைசர். "மூணாவது வாட்டி இது. பாஸக் குடுத்துட்டுக் கெளம்புமா."

அவள் கழுத்தில் மாட்டியிருந்த பாஸைக் கழற்ற ஆரம்பித்தாள். கயிறு கொண்டையில் மாட்டிக்கொண்டது, இழுத்து எடுத்து அவன் கையில் கொடுத்தாள். மேனேஜர் கடியாரத்தைப் பார்த்துவிட்டு, "சரி, எல்லாரும் உள்ள போங்க. பெல்ட்டை ஸ்டார்ட் பண்ணச் சொல்லு. டிரைவர், வண்டிய எடுங்க" என்றார். டிரைவர் அவளிடம் சாவிக்காகக் கையை நீட்டினார். பாஸைக் கொடுக்கத் துணிந்தவள் சாவியைக் கொடுக்கவில்லை. முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அப்போதுதான் முதல்முறையாக என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. திட்டவில்லை. நீயே சொல் என்கிற மாதிரியும் இல்லை. இனிமேல் என்னால் முடியாது என்கிற பார்வை.

"சார், வண்டிய எடுக்க வேணாம்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மழையில் மறுபடியும் கத்தினேன். "அந்த டிக் பொய்யி சார். எனக்கு மூக்கு செத்துப் பூடுச்சு. காய்ச்சல் வந்ததுலேர்ந்து ஒரு வாடையும் தெரியாது. இவன் மூஞ்சியப் பாத்துத்தான் தலையாட்டினேன்."

நான் என் ஜோடியைப் பார்த்தேன். பதினோரு வருஷ சிநேகிதத்தில் அவனை நான் அப்படிப் பார்த்ததில்லை. அப்படியே ஈரத் தரையில் குந்திவிட்டான்.

"டேய், நான் உன் மூஞ்சியத்தான்டா பாத்துகினு இருந்தேன்" என்றான். "எனுக்கும் அதே காய்ச்சல்லதான்டா போச்சு. நீதான் மூக்காச்சே, நீ கீறன்னு தைரியத்துல இருந்தேன்."

யாரோ ஒருத்தி "அடப்பாவிகளா!" என்றாள். லேப்பிலிருந்து வந்த பெண் கொட்டிக்கிடந்த புண்ணாக்கைப் பாட்டிலில் அள்ளிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. மூடி வைத்த பாட்டிலைத் திறந்து நெருப்பைக் காட்டியதும் குப்பென்று பிடித்துக்கொண்டதாம். மேனேஜர் குடையை மடக்கினார். "அந்த அம்மாகிட்ட பாஸைக் கொடு" என்று சூப்பர்வைசரிடம் சொன்னார். எங்கள் பக்கம் திரும்பாமலே நடந்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

என்னையும் அவனையும் வேலையைவிட்டு எடுக்கவில்லை. ஒரு மாதம் சஸ்பெண்ட், அப்புறம் லாரியில் வருகிற சோயாவைக் கொட்டிச் சலிக்கிற யார்டு. அங்கே மூக்குக்கு வேலை இல்லை. டோஸ்டர் வாயில் இப்போது மீட்டர் வைத்திருக்கிறார்கள், லேப் சோதனையும் மணிக்கு ஒருதரம். 'மூக்கு' என்று இன்னும் சில பேர் கூப்பிடுகிறார்கள். எந்த அர்த்தத்தில் என்று நான் கேட்பதில்லை.

ஆனால் சொல்லவந்தது அது இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அவள் வழக்கம்போல் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் கூடத்துக்கும் சமையல்கட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. கடைசியில், "முன்ன ரெண்டு வாட்டி இழுத்தியே, அதுவும் சாக்கு இல்லதானே?" என்றேன்.

"இல்ல."

"வாடையா?"

"ம். பெல்ட் நின்னா சரக்கு டோஸ்டர்லயே இன்னும் கொஞ்ச நேரம் வேகும்ல? வெந்துட்டா வாடை பூடும். வந்து விழுந்தத ஷட்டராண்ட தள்ளி ஆற வெச்சேன்."

"ரெண்டு வாட்டியும் கரெக்டா எப்டிமே கண்டுபுடிச்ச?"

அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "கண்டுபுடிக்கிறது இன்னா கீது? உனுக்கு மூக்கு போச்சுன்னு தெரிஞ்ச மறுநாள்லேர்ந்து நான்தான மோந்துகினு கீறேன். ஒரு மூட்ட விடாம. சாக்குக்குள்ள தலைய விட்டு மோந்துட்டுத்தான் வாய் தைப்பேன்."

நான் நடப்பதை நிறுத்தினேன். ஒரு ஷிப்டுக்கு எத்தனை மூட்டை அவள் கையில் போகும் என்று எனக்குத் தெரியும். நானும் அந்த மூட்டைகளைத் தூக்கியவன்தான். சூடான புண்ணாக்குச் சாக்குக்குள் தலையை விட்டு, அத்தனை மாதங்கள். கண்ணாடி போடு என்று நான் திட்டிய தலைவலி அது. பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் நெற்றியில் கை வைத்தேன். பிசுபிசுவென்று இருந்தது. உள்ளங்கை சில்லென்று ஆகி, பிறகு சுர்ரென்று எரிந்தது. தலைவலித் தைலம். அவள் மேல் எந்நேரமும் அடித்திருக்கவேண்டிய அந்த நெடி எனக்கு ஒரு நாளும் தெரியவில்லை.

எழுந்து ஜன்னல் மேடைக்குப் போனேன். குட்டிக் குட்டிக் கண்ணாடி பாட்டில்கள். எல்லாம் தைல பாட்டில். லேபிளைக் கழுவி எடுத்துவிட்டிருந்தாள். காயலாங்கடை என்று நான் கத்திய பாட்டில்கள். ஒன்றை எடுத்து மூடியைத் திறந்து மூக்கில் வைத்து இழுத்தேன். ஒன்றும் தெரியவில்லை. இன்னொன்றை எடுத்தேன். அதிலும் ஒன்றுமில்லை. விரலை விட்டு அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி, இரண்டு கண்ணுக்கும் கீழே இழுத்துத் தேய்த்தேன்.

"இன்னாயா பண்ற?" என்று அவள் பதறி எழுந்து வந்தாள். "கண்ணு எரியும்யா, கழுவு போ."

"எரியட்டும்மே" என்றேன்.